வன்கூவரில் மூன்று நாள், வாசலில் நான்கு சோடி

அடுத்தவருடைய விடுமுறைக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதைப் போல நன்றி கெட்ட தொழில் இந்தச் சிட்னியில் வேறு கிடையாது. வெயில் அடித்தால் அது அவர்களுடைய அதிர்ஷ்டம், மழை பெய்தால் அது என்னுடைய பிழை. ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று, முகத்தில் சிரிப்பும் வயிற்றில் எரிச்சலுமாக நாளைக் கழித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் சிட்னியின் பரமட்டாவில் ஒரு சின்ன ட்ராவல் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். சனி ஞாயிறைக் கழிக்கச் சிட்னியில் இருந்து யாராவது கனடா போவார்களா என்று கேட்பீர்கள். போக மாட்டார்கள். லண்டனுக்கோ நியூயோர்க்குக்கோ போகிறவர்கள் வழியில் வன்கூவரில் இறங்கி மூன்று நாள் இளைப்பாறலாம் என்பது எங்கள் முதலாளி கெவினுடைய யோசனை. ‘வன்கூவரில் ஒரு வார இறுதி’ என்று கண்ணாடியில் பெரிதாக எழுதி ஒட்டினார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளுக்கும் திட்டம் போட்டு டைப் அடித்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கெவினும் வன்கூவரைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. என் கதிரைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்துப் பார்த்தே எந்தப் பஸ் எந்தத் தெருவில் திரும்பும் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அந்த வரைபடத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தி வைத்திருந்தேன். அது என் தங்கச்சி வதனியின் வீடு. அவளுக்கு நடேசைப் பேசிக் கட்டி வைத்தது நான். அம்மாவுக்குக் கனடா என்றதுமே மனமில்லை. நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். வதனி, “அக்கா சொன்னாச் சரி” என்று கழுத்தை நீட்டினவள். முதல் இரண்டு வருடம் அவள் போடும் ஏரோகிராம் கடிதம் ஒவ்வொன்றும் ‘அவரும் சுகம்’ என்று முடியும். பிறகு அந்த வரி நின்றுபோனது. ஒரு வருடமாக நடேஸ் என்ற பெயரே இல்லை. குளிர் இருக்கும், தக்காளிச் செடி இருக்கும், பக்கத்து வீட்டு நாய் இருக்கும், புருசன் மட்டும் இருக்க மாட்டான். எழுதிக் கேட்டேன். தக்காளி காய்த்துவிட்டது என்று பதில் வந்தது. டெலிபோனில் கேட்கலாம் என்றால், அது ஒபரேற்றரிடம் பதிந்துவிட்டுக் காத்திருந்து மூன்று நிமிடம் பேசுகிற காலம். “கேக்குதா, கேக்குதா” என்று இரண்டு பேரும் கத்துவதிலேயே இரண்டரை நிமிடம் போய்விடும். மிச்ச அரை நிமிடத்தில் ‘உன் புருசன் உன்னோடு இருக்கிறானா’ என்று எப்படிக் கேட்பது?

சொல்லி அழ என் வீட்டுக்காரரும் பக்கத்தில் இல்லை. தாஸ்மேனியாவில் ஒரு அணைக்கட்டு வேலைக்குப் போயிருந்தார், ஆறு கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். நடேசுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள் என்றால், “ஆம்பிளையளுக்குள்ளை இதெல்லாம் கேக்கிறேல்லை” என்றுவிட்டார். அவர் தூரத்தில் வேலை செய்வதை நான் வதனிக்கு எழுதவில்லை. அக்கா தனிய இருக்கிறாளே என்று கவலைப்படுவாள். முன்பெல்லாம் என் ஏரோகிராமின் கடைசி மடிப்பில், ‘நானும் சுகம், மச்சாள்’ என்று அவர் ஒரு வரி எழுதுவார். இப்போது அந்த இடத்தை ஊறுகாய்ப் பக்குவம் எழுதி நானே நிரப்பினேன்.

ஆகவே வன்கூவர் போகிற ஒவ்வொருவரையும் நான் என்ன கண்ணோடு பார்த்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே பயணத்தில் இரண்டு வெள்ளி

முதலில் மாட்டினவர் பரமேஸ்வரி அன்ரி. ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் போகிற வழியில் வன்கூவரில் மூன்று நாள் தங்க ஒப்புக்கொண்டார். எங்கள் ஆட்களில் ஒருவர் பயணம் போகிறார் என்றால் அவருடைய பெட்டியில் பாதி மற்றவர்களுடைய பார்சலாகத்தான் இருக்கும். நானும் ஒரு றாத்தல் மிளகாய்த்தூளைக் கட்டி, “வதனியிட்டைக் குடுத்து, வீட்டுக்கை இருந்து கொஞ்சம் கதைச்சிட்டு வாங்கோ அன்ரி” என்று கொடுத்தேன். அன்ரிக்கு அதுவல்ல பிரச்சினை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சிட்னியில் விமானம் ஏறினால், அதே வெள்ளிக்கிழமை மத்தியானம் வன்கூவரில் இறங்குவீர்கள் என்று நான் சொன்னதுதான் பிரச்சினை. “அப்ப நான் எந்த வெள்ளிக்கு விரதம் பிடிக்கிறது?” என்றார். நடுக்கடலில் நாள் மாறுகிற கோட்டைப் பற்றி விளக்கினேன். உலக உருண்டையை எடுத்து வைத்துச் சுற்றிக் காட்டினேன். வரிசையில் நின்ற மற்ற வாடிக்கையாளர்களும் எட்டிப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அன்ரி ஒரு முடிவுக்கு வந்தார்: எதற்கும் இரண்டு வெள்ளிக்கும் பிடித்துவிடுவது.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவரிடம் ஓடினேன். வதனி எப்படி இருக்கிறாள், வீட்டில் யார் யார் நின்றார்கள் என்று கேட்டேன். பார்சலை இறங்கின அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாராம். வதனி கையைப் பிடித்து உள்ளே இழுத்தாளாம். அன்ரி வாசற்படியைத் தாண்டவில்லை.

“உன்ரை தங்கச்சியை நான் குறை சொல்லேல்லைப் பிள்ளை, ஆனா வெள்ளிக்கிழமையும் அதுவுமா மீன்குழம்பு மணக்கிற வீட்டுக்கை விரதக்காரி எப்பிடிப் போறது?”

ரெஜ்ஜும் பஸ்களும்

அந்த மீன்குழம்பு எனக்கு ஒரு மாதம் நித்திரையைக் கெடுத்தது. வதனி வெள்ளியில் மீன் தொடமாட்டாள். அப்படியென்றால் யாருக்குக் காய்ச்சினாள்? நடேஸ் மீன் பிரியன், அவனுக்கென்றால் நல்லது. இல்லை, தனிமையில் விரதம், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டாளோ? வாசலில் நின்று பார்சல் கொடுக்கிறவர்களை நம்பிப் பயனில்லை, உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும் என்று தெரிந்தது. எங்கள் வன்கூவர்த் திட்டத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: ‘சனி, பகல் பன்னிரண்டு மணி, உள்ளூர்க் குடும்பம் ஒன்றுடன் மதிய உணவு.’ வதனிக்கு எழுதினேன். “கட்டாயம் அனுப்புங்கோ அக்கா, எத்தனை பேரெண்டாலும் அனுப்புங்கோ” என்று உடனே பதில் வந்தது. பாவம், கதைக்க ஆளில்லாமல் கிடக்கிறாள் என்று எனக்குக் கவலை இன்னும் கூடியது.

அந்த வரியின்படி முதலில் போனவர் செவன் ஹில்ஸில் இருந்து வந்த ரெஜ். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடலோரப் பூங்கா, பழங்குடிகள் உருவம் செதுக்கி நட்ட பழைய மரத்தூண்கள், மலைக்கு ஏறும் கம்பிவண்டி என்று மணிக்கணக்குப் பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். மனிதன் இறங்கினதும் வன்கூவரில் மின்சாரக் கம்பியில் ஓடும் பஸ்களைக் கண்டுவிட்டார். மூன்று நாளும் பஸ்ஸில் ஏறினார், பஸ்ஸில் இறங்கினார், பஸ்ஸைப் படம் எடுத்தார். நூற்றுக்கு மேல் படம். என் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக விளக்கினார். தங்கச்சி வீட்டில் சாப்பிட்டீர்களா என்று இடையில் புகுந்து கேட்டேன். சாப்பிட்டாராம், காரமாம். வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தார்களா? அவர் கண்ணை மூடி யோசித்தார்.

“உன் தங்கச்சி வீட்டு வாசலில் மூன்று பஸ் நிற்கிறது, மேட், ஒரு பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?”

நயாகராவுக்கு ஒரு எட்டு

அடுத்து ராமநாதன். மெட்ராஸில் இருந்து வந்த இன்ஜினியர். படித்தவர், தமிழர், கண்ணும் காதும் திறந்து பார்த்துவிட்டு வருவார் என்று மனதுக்குள் ஆயிரம் நம்பிக்கை. அவர் என் திட்டத்தை வாங்கி வாசித்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஃப்ரீயாதானே இருக்கு மேடம், அப்படியே நயாகராவுக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்ல?” என்றார். நான் சுவர் வரைபடத்தைக் கைவிட்டுப் பெரிய வரைபடத்தை விரித்தேன். வன்கூவர் இந்த மேசையின் இந்தக் கரை, நயாகரா அந்தக் கரை, நடுவில் இருப்பது ஒரு கண்டம் என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் தன் விரலை என் விரலுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து, “அரை ஜாண்கூட இல்லையே” என்றார். இன்ஜினியர்!

அவரோடு மல்லுக்கட்டி, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை மட்டும் மாற்றக் கூடாது என்று வாக்குறுதி வாங்கி, பார்சலையும் கையில் கொடுத்து அனுப்பினேன். சனிக்கிழமை வதனி மூன்று கறி, பாயாசம் எல்லாம் வைத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஆளைக் காணவில்லை. அவர் வன்கூவரில் இறங்கி, அங்கேயே அடுத்த விமானம் பிடித்து நேரே நயாகராவுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து, அருவியின் படம் போட்ட ஒரு சாவிக்கொத்தை எனக்குப் பரிசாக நீட்டினார். என் பார்சல் எங்கே என்றேன்.

“அங்கேருந்தே தபால்ல போட்டுட்டேன் மேடம், கனடாவுக்குள்ளதானே, எல்லாம் பக்கம் பக்கம்தான்!”

மிஸ் விட்பி நிரப்பிய படிவம்

ஆட்களின் ஞாபகத்தை நம்பினால் நான் கிழவியாகும் வரைக்கும் ஒன்றும் தெரியவராது என்று விளங்கிவிட்டது. எழுத்தில் கேட்க வேண்டும். கெவின் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஒரு படிவம் டைப் செய்து ரோனியோ மெசினில் பிரதி எடுத்தேன். ‘வாடிக்கையாளர் கருத்து’ என்று தலைப்பு. ஹோட்டல் எப்படி, காலைச் சாப்பாடு எப்படி என்று யோக்கியமாகத் தொடங்கி, ஆறாவது கேள்வியில் விசயத்துக்கு வந்தேன்: ‘உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டு வாசலில் எத்தனை சோடி செருப்பு, சப்பாத்து இருந்தன?’ சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நாங்கள் ஐந்து பிள்ளைகள். வெளியில் போய் வந்தால் வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே உள்ளே யார் நிற்கிறார்கள், யார் இன்னும் வரவில்லை, எந்த மாமா வந்திருக்கிறார் என்று நானும் வதனியும் சொல்லிவிடுவோம். நடேஸ் அந்த வீட்டில் இருந்தால் அவனுடைய சப்பாத்து வாசலில் இருக்கும். சப்பாத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

படிவத்தை நிரப்பச் சரியான ஆளும் கிடைத்தார். மிஸ் விட்பி, ஒரு பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தவர். நான் டைப் அடித்த திட்டத்தையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தவர். போன ஆள் என் திட்டத்தை ஒரு நிமிடம் பிசகாமல் கடைப்பிடித்தார். வந்ததும் படிவத்தை மேசையில் வைத்தார். அச்சடித்தது போல எழுத்து. ஹோட்டல்: திரைச்சீலையில் தூசி. தொங்குபாலம்: அநாவசியமாக ஆடுகிறது. மதிய உணவு: வீட்டுக்காரி நல்லவள், ஆனால் அளவுக்கு மேல் கேள்வி கேட்கிறாள். எனக்கு எங்கே மற்றதெல்லாம் கண்ணில் பட்டது, ஆறாவது கேள்விக்கு ஓடினேன். ‘நான்கு சோடி. ஒழுங்காக அடுக்கப்படவில்லை.’

நான்கு சோடி! அதில் ஆணுடையது எத்தனை, பெண்ணுடையது எத்தனை, மிஸ் விட்பி? பெரிய சப்பாத்து ஒன்று இருந்ததா? கறுப்பா? அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, நாற்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்த அந்தப் பார்வையை என்மேல் வைத்தார்.

“கேள்வியில் நீ அதைக் கேட்கவில்லை, கேட்காததற்கு நான் விடை எழுதுவதில்லை.”

திரு பாரட் கொடுத்த முறைப்பாடு

வீட்டில் வேலைக்குப் போகிற மனுசி ஒருத்தி தனியே இருந்தாலே நான்கு சோடி இருக்கும். என்னிடமே ஐந்து இருந்தது. படிவத்தைத் திருத்தி அடிக்க நேரம் வருமுன் திரு பாரட் வந்து சேர்ந்தார். நில அளவையாளராக இருந்தவர், எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிற மனிதர். வன்கூவர் போய் வந்ததும் என்னிடம் வராமல் நேரே கெவினுடைய அறைக்குள் போனார். கதவு திறந்திருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. தான் உயர்ந்த கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்து நகரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட விரும்பினாராம். அதற்குப் பதிலாக ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்டாராம். சாப்பாடு நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால் அந்த வீட்டுப் பெண் அவரிடம் ஏதோ கேட்டாளாம், இவர் பதில் சொன்னாராம், உடனே அவள் கறிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழத் தொடங்கிவிட்டாளாம்.

நான் எழுந்து உள்ளே ஓடினேன். என்ன கேட்டாள்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? பாரட் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அது குடும்ப விசயம் போலத் தெரிந்தது, குடும்ப விசயங்களில் தான் தலையிடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல இருந்தது. என் தங்கச்சி அழுதிருக்கிறாள். நான் கட்டி வைத்த கல்யாணம், நான் நின்ற ஒற்றைக்கால். கவுண்டருக்குத் திரும்பிப் போய் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஃபீஜியைப் பற்றிச் சிரித்துச் சிரித்து விளக்கினேன், எப்படி என்று இன்றைக்கும் தெரியாது.

பின்னேரம் கெவின் என்னைக் கூப்பிட்டார். அவருடைய மேசையில் பாரட் விட்டுப்போன என் படிவம் கிடந்தது. ஆறாவது கேள்விக்குக் கீழே கோடு போட்டிருந்தார். நல்ல மனிதர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. என் மூன்று நாள் திட்டத்தை எடுத்து, சனிக்கிழமைப் பகல் வரியின் மேல் அடிமட்டத்தை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார்.

“இனிமேல் இந்தக் கம்பெனி அனுப்புகிற யாரும் வன்கூவரில் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூடாது.”

டொரீனின் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் கடைக்குப் பக்கத்தில் முடி அலங்காரக் கடை வைத்திருந்தவள் டொரீன். கல்கரியில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டாள், வழியில் வன்கூவரில் வார இறுதி. சனிக்கிழமைப் பகலுக்கு நான் கடலோரப் பூங்காவைப் போட்டுக் கொடுத்தேன். பார்சல் ஒன்றும் கொடுக்கவில்லை, படிவமும் கொடுக்கவில்லை. எனக்கு மனம் விட்டுப்போயிருந்தது. கெட்ட செய்தி வர வேண்டுமென்றால் அது தானாக வரட்டும் என்று இருந்தேன். டொரீன் டிக்கெட்டைக் கைப்பையில் வைத்துவிட்டு, “எங்கே அந்த மிளகாய்ப் பொட்டலம்?” என்றாள். மழை நாட்களில் என்னைத் தன் காரில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவள், கேட்டதற்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று கிழமையில் திரும்பி வந்தாள். கைப்பையோடு ஒரு துணிப்பையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தொங்குபாலத்துக்குப் போக வேண்டியவள், மழை கொட்டியதால் பாலத்தை விட்டுவிட்டு வதனி வீட்டுக்குப் போயிருக்கிறாள். கதவைத் திறந்தது ஏப்ரன் கட்டின ஒரு மனிதன், கையில் பாதி வெட்டின மீனாம். தன் பெயர் நடேஸ் என்று சொல்லி, மீன் கையோடு கை குலுக்க வந்து, பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தானாம். வதனிக்குச் சமையலே வராது, ஞாயிற்றுக்கிழமையில் குசினியில் சமைப்பது தான்தான் என்று பெருமையடித்தானாம். வதனி அவனுடைய முதுகில் அடித்தாளாம். நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

துணிப்பையில் தக்காளி ஊறுகாய் ஒரு போத்தலும் ஒரு கடிதமும் இருந்தன. கடிதம் சுருக்கம்தான். ‘அக்கா, உங்கடை கடிதத்தின்ரை கடைசி மடிப்பிலை அத்தான் எழுதுற வரி ஒரு வருசமா இல்லை. ஏதோ நடந்திட்டுது, எனக்கு மறைக்கிறியள் எண்டு நினைச்சன். நீங்கள் தனிய இருக்கேக்கை நான் அவரும் சுகம் எண்டு எழுதினா உங்களுக்கு நோகும் எண்டுதான் நானும் அந்த வரியை விட்டனான். நீங்கள் அனுப்பின ஆக்கள் எல்லாரிட்டையும் விசாரிச்சன், ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்லை. கடைசியா வந்த பெரியவரிட்டை அக்கா வேலைக்கு ஆரோடையாவது வந்து போறவவோ எண்டு கேட்டன். எப்பவும் தனியத்தான் எண்டார். என்னாலை அழுகையை அடக்கேலாமல் போட்டுது. சனிக்கிழமையிலை இவருக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலை வேலை, இல்லாட்டி இவரை விட்டு வடிவாக் கேட்டிருப்பன்.’

சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி. அந்த வரியை டைப் அடித்த விரல் என்னுடையது. நான் அங்கேயே, வாடிக்கையாளர்கள் பார்க்க, மேசையில் தலையை வைத்து அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. கெவின் தன் அறையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். டொரீன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வதனி தன்னைத் தனியே கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டதைச் சொன்னாள்: அக்கா வீட்டு வாசலில் ஆம்பிளைச் சப்பாத்து ஏதும் கிடக்கிறதா? கிடக்கிறதே, அணைக்கட்டுச் சேறு பூசின பெரிய பூட்ஸ் ஒரு சோடி எப்போதும் கிடக்கும் என்று டொரீன் சொல்லியிருக்கிறாள். வதனி அவளைக் கட்டிப் பிடித்து, விடவே இல்லையாம். அதைச் சொல்லிவிட்டு டொரீன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்கள் குடும்பத்துக்குச் செருப்பில் அப்படி என்ன பைத்தியம், லவ்?”

ஆக, ஆறு பேரைக் கடல் தாண்டி அனுப்பி, ஒரு படிவம் அச்சடித்து, ஒரு முறைப்பாடும் வாங்கி நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: என் தங்கச்சி புருசனுக்குச் சனிக்கிழமை லீவு இல்லை.